செல்லிடப்பேசிக்கு வரட்டும் நூலகம்

ஹைதராபாத் அப்சல்கஞ்சில், மூசி ஆற்றங்கரையில் கம்பீரமாக நிற்கிறது மாநில மத்திய நூலகம். நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1891-ல் ஆசஃபியா நூலகமாகத் தொடங்கப்பட்டது இது. நேரில் செல்ல முடிந்தவர்களுக்கு மட்டுமே இத்தகைய அறிவுச் செல்வம் சொந்தம் என்கிற நிலை இனியும் தொடரலாமா?

இந்தக் கேள்விக்கு விடை காணும் பெருமுயற்சி ஒன்றும் இதே நகரில்தான் நடந்தது. பேராசிரியர் ராஜ் ரெட்டியின் முன்முயற்சியால் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் தொடங்கிய 10 லட்சம் நூல்கள் திட்டத்தில், ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. முக்கியப் பங்காற்றியது. உலக அளவில் 15 லட்சம் நூல்கள் மின்வடிவம் பெற்றுவிட்டதாக 2007-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால், அதன் இந்தியப் பகுதியான 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா' இணையதளம் பின்னாளில் பதிப்புரிமைச் சிக்கலால் முடங்கியது. அந்த நூல்களில் பலவற்றைத் தேடி நம் வாசகர்கள் இன்று அமெரிக்காவின் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது என்பது வேதனை.

நூல்களைப் படமெடுத்துச் சேமிப்பது வேறு. வாசகருக்குச் சேவை செய்வது வேறு. பக்கங்களை வெறும் படங்களாக மாற்றினால், செல்லிடப்பேசியின் சிறு திரையில் எழுத்தும் தெரியாது, சொல்லைத் தேடவும் முடியாது.

காரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின் நூலகம் 2018-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்குச் செல்லிடப்பேசிச் செயலியும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பாராட்டுக்குரியது. ஆனால், நம் ஊர் நூலக அலமாரியில் ஒரு புத்தகம் இருக்கிறதா என்பதைத் தில்லியோ காரக்பூரோ சொல்லிவிட முடியாது. அதை அந்தந்த நூலகம்தான் சொல்ல வேண்டும்.

வாசகரின் எதிர்பார்ப்பு பெரிதல்ல. தேடும் நூல் இருக்கிறதா, இரவலில் போயிருந்தால் எப்போது திரும்பும் என்று செல்லிடப்பேசியிலேயே தெரிய வேண்டும். முன்பதிவு செய்யவும், தவணையை நீட்டிக்கவும் வழி வேண்டும். திருப்பித் தரவேண்டிய நாளை நினைவூட்ட ஒரு குறுஞ்செய்தி போதும். சாதாரண செல்லிடப்பேசி வைத்திருப்பவருக்கும் அது போய்ச் சேரும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பதில் அர்த்தமில்லை. 1960-ம் ஆண்டின் ஆந்திர நூலகச் சட்டத்தின் வழியில், தெலங்கானாவில் சொத்து வரியில் ரூபாய்க்கு 8 பைசா நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. தமிழகத்தில் அது 10 பைசா. உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த தொகையைத் தாமதமின்றி நூலகத் துறையிடம் ஒப்படைத்து, அதில் ஒரு பகுதியை இச்சேவைக்கு ஒதுக்கினாலே போதும்.

அதேவேளையில், செயலி வந்துவிட்டது என்று சொல்லி வாசிப்பு அறைகளுக்குப் பூட்டுப் போட்டுவிடக் கூடாது. வீட்டில் படிக்க இடமில்லாமல் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் ஏழை இளைஞருக்கு நூலகத்தின் நாற்காலியும் மின்விசிறியும்தான் ஆதாரம். செல்லிடப்பேசி நூலகத்துக்கு மாற்றல்ல. அதன் இன்னொரு வாசல். அந்த வாசலைத் திறக்க வேண்டியது அரசின் கடமை.