பிரதம நீதியரசருக்கு இல்லாத பாதுகாப்பு

பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனைப் பதவி நீக்கும் தீர்மானம் 2025 ஆகஸ்ட் 5 ஆம் திகதி பாராளுமன்றத்தில் 177 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக ஒரு வாக்கேனும் அளிக்கப்படவில்லை. பொலிஸ் மா அதிபர் ஒருவர் இவ்வாறு பதவி இழந்தது இந்நாட்டில் அதுவே முதற்தடவை. ஆயினும் எமது கவனத்தை ஈர்த்தது வாக்குகளின் எண்ணிக்கையல்ல. வாக்கெடுப்புக்கு முன்னர் நடந்த விசாரணையே.

2002 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் பிரகாரம், சட்டமா அதிபர் மீதோ பொலிஸ் மா அதிபர் மீதோ குற்றம் சுமத்தும் பாராளுமன்றம் அதனைத் தானே விசாரிப்பதில்லை. பொலிஸ் மா அதிபரின் விடயத்தில் உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையில், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் தலைவரையும் உள்ளடக்கிய மூவர் குழு விசாரித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் பக்க நியாயத்தை எடுத்துரைக்க வாய்ப்பளிக்கப்பட்டது. அதன் பின்னரே சபை வாக்களித்தது.

ஜனாதிபதிக்கோ இதனிலும் உறுதியான காப்பு உண்டு. அரசியலமைப்பின் 38 ஆவது உறுப்புரையின்படி அவர் மீதான குற்றச்சாட்டை உயர் நீதிமன்றமே விசாரிக்க வேண்டும். விசாரணைக்கு அனுப்புவதற்கும், பின்னர் பதவி நீக்குவதற்கும் சபையின் மூன்றிலிரண்டு பெரும்பான்மை தேவை.

அவ்வாறாயின் பிரதம நீதியரசரின் நிலை என்ன? 107 ஆவது உறுப்புரையின்படி மூன்றிலொரு பங்கு உறுப்பினர்கள் கையொப்பமிட்டால் பிரேரணையைச் சமர்ப்பிக்கலாம். 113 வாக்குகள் கிடைத்தால் அது நிறைவேறும். விசாரணை எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதைச் சட்டத்தினாலோ நிலையியற் கட்டளைகளினாலோ வகுத்துக்கொள்ளலாம் என்று அவ்வுறுப்புரை கூறுகிறது. பாராளுமன்றம் இரண்டாவது வழியையே தெரிந்தெடுத்தது. 1984 இல் அன்றைய பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோனுக்கு எதிராக நடவடிக்கை எடுப்பதற்காக 78ஏ நிலையியற் கட்டளை அவசரமாக ஆக்கப்பட்டது. குற்றஞ்சாட்டுவோரே விசாரணையாளராகவும் தீர்ப்பாளராகவும் அமரும் ஏற்பாடு அது.

அதன் விளைவை 2012 இல் நாடே கண்டது. திவிநெகும சட்டமூலத்திற்கு மாகாண சபைகளின் இணக்கம் வேண்டுமெனவும், தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லாத வடக்கில் ஆளுநர் அதனை வழங்க முடியாதெனவும் ஷிராணி பண்டாரநாயக்க தலைமையிலான நீதியரசர்கள் குழாம் கூறியது. அதே காலப்பகுதியில் 117 ஆளுந்தரப்பு உறுப்பினர்களின் கையொப்பத்துடன் 14 குற்றச்சாட்டுகள் சபாநாயகரிடம் சென்றன. தெரிவுக்குழுவின் 11 பேரில் எழுவர் ஆளுந்தரப்பினர். நீதியான விசாரணை இல்லையெனப் பிரதம நீதியரசர் வெளியேறினார். மறுநாள் எதிர்க்கட்சியினர் நால்வரும் வெளியேறினர். அதற்கு அடுத்த நாளே அறிக்கை தயாராகிவிட்டது! நிலையியற் கட்டளை போதாது, சட்டம் வேண்டும் என்ற உயர் நீதிமன்றத்தின் வியாக்கியானமும், அறிக்கையை இரத்துச் செய்த மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பும் பொருட்படுத்தப்படவில்லை. 2013 ஜனவரி 11 ஆம் திகதி 155 வாக்குகள் ஆதரவாகவும் 49 எதிராகவும் அளிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளின் பின்னர் அவர் மீளப் பதவியேற்று, மறுநாளே ஓய்வுபெற்றதும், க.ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

ஆயினும் வழி மூடப்படவில்லை. 2014 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அதன் பின்னர் வந்த 19, 20, 21 ஆவது திருத்தங்கள் எவையும் இந்த ஏற்பாட்டைத் தொடவில்லை. பொலிஸ் மா அதிபருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, அரசாங்கத்திற்கு விருப்பமில்லாத தீர்ப்பை வழங்கவேண்டிய நீதியரசருக்கு இல்லை என்பது விந்தையானது. அதிகாரப் பகிர்வு தொடர்பாக நீதிமன்றையே நாடிநிற்கும் தமிழ் மக்களுக்கு இது வெறும் நடைமுறைப் பிரச்சினையல்ல.

இதனைச் சீர்செய்வதற்கு அரசியலமைப்புத் திருத்தமோ சர்வஜன வாக்கெடுப்போ தேவையில்லை. 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒத்த சாதாரண சட்டமொன்று போதும். 2012 இல் அத்தெரிவுக்குழுவிலிருந்து வெளியேறிய நால்வருள் இரா.சம்பந்தனும் விஜித ஹேரத்தும் அடங்குவர். முன்னவர் இன்று எம்மிடையே இல்லை. பின்னவரோ 2024 நவம்பரில் 159 ஆசனங்களுடன் அமைந்த அரசாங்கத்தில் வெளிவிவகார அமைச்சரானார்.