மரநிழல் எங்கே முடிகிறது? – மிதிவண்டிப் பாதைகள் குறித்துச் சில எண்ணங்கள்

பிரான்சின் நாட்டுப்புறத்தில் மிதிவண்டியில் சுற்றிவந்தோர் எழுதும் பயணக் குறிப்புகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. மணிக்கணக்காக மிதித்தும் ஒரு மோட்டார் வாகனத்தைக்கூட எதிர்கொள்ளவில்லை என்பதே அது. வாசிக்கும் நமக்கு இது வசதி படைத்தோரின் விடுமுறைக் கதையாகத் தோன்றலாம். ஆனால் நெய்வேலியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழ்பவர்கள் அதனை அப்படி ஒதுக்கிவிட முடியாது. வாகன இரைச்சலற்ற பாதை என்பது இன்பப் பொருளா, அடிப்படைத் தேவையா என்னும் கேள்வி நம் வாசலிலேயே நிற்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிரான்சின் அமைதியான பாதைகள் இயற்கை அளித்த கொடையல்ல. அவற்றுள் பல, பயனிழந்தவற்றிலிருந்து மீட்கப்பட்டவை. 1681இல் திறக்கப்பட்ட மிடி கால்வாயின் கரையில் படகுகளை இழுத்துச்சென்ற குதிரைகளின் தடம் இன்று மிதிவண்டிகளுக்கு வழிவிடுகிறது. 1879ஆம் ஆண்டின் ஃப்ரெய்சினே திட்டத்தின்கீழ் சிற்றூர்களையும் இணைக்கும் இருப்புப்பாதைகள் போடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் பேருந்தும் காரும் வந்தபின் அவற்றில் பல மூடப்பட்டன. பர்கண்டியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே அப்படி மூடப்பட்ட ஒரு தடத்தை 1997இல் நடப்போருக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் உரிய 'பசுமை வழி'யாக மாற்றினார்கள். 2004இல் அந்நாட்டுச் சாலை விதிகளிலேயே 'பசுமை வழி' ஒரு தனி வகையாக இடம்பெற்றது. மோட்டார் வாகனம் அதில் நுழையலாகாது. தண்டவாளத்தைப் பெயர்த்தவர்கள் நிலத்தைக் கூறுபோட்டு விற்றுவிடாமல் வைத்திருந்தார்களே, அதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

அங்கும் மிதிவண்டிப் பயணம் செல்வந்தரின் பொழுதுபோக்காகவே இருந்துவிடவில்லை. 1936இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்க்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பைச் சட்டமாக்கியபோது, ஆலைத் தொழிலாளர்கள் மிதிவண்டிகளிலும் இருவர் மிதிக்கும் வண்டிகளிலும் கடலையும் கிராமத்தையும் நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்களுக்கு முன்னோடி, செந்தெத்தியேன் என்னும் சுரங்க நகரில் வாழ்ந்த பால் தெ விவி. 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் மிதிவண்டிப் பயணத்துக்கென இதழ் நடத்தி, ஒரு தலைமுறையையே நெடும்பயணத்துக்குப் பழக்கிய அவர், 1930இல் தம் நகரத் தெருவிலேயே டிராம் மோதி இறந்தார். பாதையைப் பகிர்ந்துகொள்வதன் ஆபத்தை அவர் மரணத்தை விடத் தெளிவாகச் சொல்ல வேறு சான்று வேண்டியதில்லை.

சுரங்க நகரம் என்றதும் நம் ஊருக்கு வந்துவிடுகிறோம். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1961இல் முதல் சுரங்கத்தில் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்த நாள்களில், தொழிலாளர்க்கென ஒரு நகரியமும் எழுந்தது. வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட குடியிருப்புகள், நேர்கோடாக ஓடும் அகன்ற சாலைகள், இருமருங்கும் மரங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயல் இம்மரங்களில் ஏராளமானவற்றைச் சாய்த்தது. எஞ்சியவையும் பின்னர் நடப்பட்டவையும் இன்றும் நிழல் தருகின்றன. ஒரு காலத்தில் ஷிப்ட் மாறும் வேளையில் இச்சாலைகளை நிறைத்தவை மிதிவண்டிகளே. இன்று அவ்விடத்தை இருசக்கர மோட்டார் வண்டிகள் பிடித்துக்கொண்டன. எனினும் பள்ளிச் சிறுவர் அச்சமின்றி மிதித்துச் செல்லக்கூடிய சாலைகள் தமிழகத்தில் எங்கேனும் உண்டென்றால், அவற்றுள் நெய்வேலியின் உட்சாலைகளும் அடங்கும்.

ஆனால் அந்த நிழல் ஆர்ச் கேட்டோடு முடிந்துவிடுகிறது. வாயிலுக்கு வெளியே பண்ருட்டியிலிருந்து வடலூர் வழியாகக் கும்பகோணம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. லாரிகளும் விரைவுப் பேருந்துகளும் பாயும் அச்சாலையின் ஓரத்து மண்ணில்தான் சுற்றுப்புறச் சிற்றூர்களின் மாணவர்கள் மிதிவண்டியை உருட்டவேண்டியிருக்கிறது. தைப்பூசத்துக்கு வடலூர் நோக்கி நடப்பவர்களும் அதே விளிம்பில்தான் நடக்கிறார்கள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிய தமிழக அரசு, 2005-06இல் அதனை மேல்நிலை மாணவர் பிறருக்கும் விரிவுபடுத்தியது. மிகச் சிறந்த திட்டம் அது. வண்டி கொடுத்தோம், வழி கொடுத்தோமா?

புதுக்கோட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக அம்மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி கற்றார்கள். குவாரித் தொழிலாளியும் அங்கன்வாடிப் பணியாளரும் பேருந்துக்குக் காத்திருக்கும் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டார்கள். அன்றைய கிராமச் சாலைகளில் இன்றுள்ள வேகம் இல்லை என்பதும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம். இன்று பெண்பிள்ளையை நெடுஞ்சாலையில் மிதிவண்டியில் அனுப்பத் தாய் தயங்குவாளாயின், அதனைப் பழைமைவாதம் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். நகரியத்தின் அமைதி, சுற்றியிருந்த கிராமங்களின் நிலத்தை விலையாகக் கொடுத்துப் பெற்றது. சுரங்கம் விரியும்தோறும் வயலும் வீடும் மட்டுமன்றி, ஊருக்கு ஊர் சென்ற ஒற்றையடிப் பாதைகளும் வண்டித் தடங்களும் மறைந்தன. 2023 ஜூலையில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் நின்ற நெற்பயிரின்மீது எந்திரங்கள் இறங்கியதைத் தமிழகம் முழுவதும் பார்த்தது. மின்சாரம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். தடங்களை எடுத்துக்கொண்டவர்கள் தடங்களைத் திருப்பித் தரவும் கடமைப்பட்டவர்கள் என்பதே.

இது நடக்கக்கூடியதா? நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரி தோண்டிய ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில், கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் ஏரிகளாக்கப்பட்டு, அவற்றைச் சுற்றி மிதிவண்டிப் பாதைகள் அமைக்கப்பட்டுள்ளன. நம் நாட்டிலும் இடத்துக்குப் பஞ்சமில்லை. சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நீர் சென்றுசேரும் வாலாஜா ஏரி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெருமாள் ஏரி ஆகியவற்றின் கரைகள், முந்திரித் தோப்புகளின் ஊடே செல்லும் செம்மண் தடங்கள், மரம் நட்டு மீட்கப்பட்ட சுரங்க மண்மேடுகள் என யாவும் உள்ளன. சற்றுத் தொலைவில், 1980களில் ரயில் நின்றுபோன மயிலாடுதுறை–தரங்கம்பாடித் தடம் இருக்கிறது. ரயிலே மீண்டும் வரட்டும் என்று அங்குள்ள மக்கள் கேட்பது நியாயம். வரும்வரையில் அந்நிலம் ஆக்கிரமிப்புக்கு ஆளாகாமல் காக்க, மக்கள் நடமாடும் பாதையைவிட நல்ல வேலி ஏது?

நம் வெயிலில் யார் மிதிப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இன்றும் மிதித்துக்கொண்டிருப்பவர்கள் மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும்தான். அவர்கள் வெயிலைக் கேட்டுவிட்டு மிதிப்பதில்லை. அவர்களுக்கு நிழல் வேண்டுமென்றால் மரம் நடவேண்டும்; நகரியம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. ஏரிக்கரை உழவர்க்குரியது என்னும் மறுப்பு இதனினும் வலுவானது. ஆகவே சுற்றுலாத் துறையின் அழகுத் திட்டமாக அல்லாமல், மாட்டுக்கும் உழவருக்கும் மாணவருக்கும் பொதுவான மண்பாதையாக அதனை அமைக்க வேண்டும். மோட்டார் வாகனம் நுழையாமல் தடுக்கும் நான்கு கல்தூண்களும் பழுதுபார்ப்புக்கு ஒரு பொறுப்பாளரும் போதும்.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது நம் ஊரிலிருந்து வெகுதூரமில்லாத வீரநாராயண ஏரிக்கரையில். வந்தியத்தேவன் குதிரையின் நடைக்கு அந்தக் கரையைக் கடந்தான். அதனால்தான் ஆடிப்பெருக்கும் மக்களும் அவன் கண்ணில் பட்டார்கள். இன்று அதே வீராணத்துக் கரையை விரைவுப் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்ப்பவருக்குத் தண்ணீர் ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே. ஓர் ஊரின் பெயரைக் கேட்டறியவும், வழிப்போக்கரிடம் இரண்டு சொல் பேசவும் ஏற்ற வேகம் ஒன்று உண்டு. அந்த வேகத்தை இழந்த மொழியில் பயணநூல் எழுதப்படலாம், நிலம் எழுதப்படாது.

ஆகவே நெய்வேலி நகரியத்தின் சாலைகளை நாம் வியந்து பேசினால் மட்டும் போதாது. உள்ளே வாழ்பவருக்குக் கிடைத்த நிழல், நிலம் கொடுத்தவரின் பிள்ளைகள் மிதித்துவரும் வழிக்கும் நீள வேண்டும் என்று கேட்க வேண்டும். ஆர்ச் கேட்டிலிருந்து வடலூர் வரை, நெடுஞ்சாலையைத் தொடாத ஒரு பாதை. தொடக்கமாக நாம் கேட்பது அவ்வளவே.