முன்பணம் யாருடைய பணம்?

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் கையில் நாலு காசு சேர்ந்ததும் வாடகை வீடு கட்டுவது நம்மவர் வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் கையிருப்பு முழுவதையும் செங்கல்லிலும் சிமெண்டிலும் கொட்டிவிட்டு, வரப்போகும் வாடகையை நம்பியிருப்பதுதான் விபரீதம்.

இங்கு வாடகைக்குக் குடியிருப்போரில் பலர் தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைப்போர். தொழில் நின்றால் வாடகையும் நிற்கும். 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஆலைகளை மூடும்படி தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கலாகாது என்று மத்திய அரசே ஆணையிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தது.

இத்தகைய வேளையில்தான் குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார். அதுவோ மாடிப்படியாக மாறி நிற்கும்! முன்பணம் வருமானமன்று, அமானிதம். அதைத் தொடவே கூடாது. அதற்கு மேல் ஆறு மாத வாடகை அளவேனும் வீட்டு வரிக்கும், மோட்டார் பழுதுக்கும், காலியாகக் கிடக்கும் நாட்களுக்கும் தனியே இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. வட்டியை விலக்கியவருக்கு அவசரத்திற்கு வங்கிக் கடன் என்ற வாசலும் இல்லையே!

சேமிப்புக்கு ஆண்டுதோறும் இரண்டரை விழுக்காடு ஜகாத் வருமே என்று கணக்குப் பார்த்துப் பணத்தையெல்லாம் கட்டடமாக்குவோரும் உண்டு. அவர்களிடம் என்ன சொல்வது? ஆறு வீடு கட்ட எண்ணியவர் நான்கோடு நிறுத்தட்டும். மீதிப் பணம் கையில் இருக்கட்டும்.