'அது' என்றே சொல்வேன்

சுற்றிக்காட்டிய முதியவர் தங்கமான மனிதர். குனிந்து ஏறுகிற ஒவ்வொருவர் தலையும் இடிபடாமல் தன் உள்ளங்கையை மேலே அணைகொடுத்துக் காத்தார். ஆனால் பேச்சு முழுக்க 'ஷி', 'ஷி' என்றே ஓடியது. அவளுக்கு நான்கு என்ஜின். அவளுக்குச் சூடு ஏறினால் தாங்காது. அவளைப் பக்குவமாகக் கையாள வேண்டும்.

டெக்ஸாஸில் இருக்கும் ஒரு பி-29 குண்டுவீச்சு விமானத்தைப் பற்றித்தான் இப்படிப் பேசினார். போர்க்காலத்தில் செய்யப்பட்ட ஏறத்தாழ 4000இல் இன்றும் பறப்பவை இரண்டே. இந்த ஒன்று கலிஃபோர்னியப் பாலைவனத்தில் ஆயுதச் சோதனைக்கு இலக்காகக் கிடந்த குவியலிலிருந்து 1971இல் மீட்கப்பட்டது. பெயர் 'ஃபிஃபி'. மீட்பு வேலைக்குத் துணைநின்ற ஒருவருடைய மனைவியின் செல்லப்பெயர் அது.

திணை சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அலுமினியத் தகடு அஃறிணை. நம் ஊரிலும் படகுக்கு மகள் பெயரை எழுதுகிறார்கள்தான். படகு மீன் கொண்டுவருகிறது. இது எதைக் கொண்டுபோனது?

மூக்குச் சக்கரத்தை ஒட்டிய ஏணியில் ஏறினால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. விமானிகளுக்கும் முன்னால், நுனியில், குண்டு போடுகிறவனின் இருக்கை. பின்சுவரில் ஒரு வட்டத் துளை. குண்டறைக்கு மேலாக, ஒரு ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கு வாலை நோக்கிச் செல்லும் குழாய். மொத்தம் 11 ஆண்கள். எனக்கு அந்தக் கண்ணாடி மூக்கு பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். அங்கே உட்கார்ந்தால் கீழே இருப்பதெல்லாம் தெரியும்.

1945 மார்ச் 9 இரவு டோக்கியோவுக்கு இவை ஏறத்தாழ 300 போயின. விடிவதற்குள் லட்சம் பேர் அளவில் செத்தார்கள். மரவீடுகளில் இருந்தவர்கள் யார்? இளைஞர்கள் பலர் போர்முனையில். மிச்சமிருந்தது பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும். மனித உடல் எரியும் வாடை விமானத்துக்குள்ளேயே வந்ததாக அன்று பறந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் சுற்றில் வாடை பற்றி யாரும் பேசவில்லை. எரிபொருள் கணக்கு நிறைய வந்தது.

இப்போது ஒரு பெயர்: பால் டிப்பெட்ஸ். 1944இல் பி-29 என்றாலே ஆண் விமானிகள் பயந்தார்கள். என்ஜின்கள் தீப்பிடித்தன. டிப்பெட்ஸ் என்ன செய்தார்? நான்கு என்ஜின் விமானத்தை அதுவரை ஓட்டியே இராத இரண்டு பெண்களை, டோரா டோஹர்ட்டி, டோரதியா மூர்மன் இருவரையும், சில நாட்களில் பழக்கி ஓட்டவைத்தார். பெண்ணே ஓட்டுகிறாள், உனக்கென்ன? ஆண்களை வெட்கப்படுத்துவதே நோக்கம். நோக்கம் நிறைவேறியதும் மேலிடம் அந்தப் பெண்களை நிறுத்தியது. அந்த விமானத்தின் பெயர் 'லேடிபேர்ட்'. மறு ஆண்டு ஆகஸ்டில் அதே டிப்பெட்ஸ் இன்னொரு பி-29இன் மூக்கில் தன் அம்மாவின் பெயரை எழுதவைத்தார்: எனோலா கே. அதன் வயிற்றில் இருந்த குண்டுக்குச் 'சின்னப் பையன்' என்று பெயர். ஹிரோஷிமாவில் அன்று காலை, தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலையில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். 12, 13 வயதுப் பெண்பிள்ளைகளும்.

டோராவைப் போல அந்தப் படைக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பறந்தார்கள். 38 பேர் இறந்தார்கள். அடக்கச் செலவுக்கு அரசு பணம் தரவில்லை. தோழிகள் கைக்காசு போட்டுச் சவப்பெட்டிகளை ஊருக்கு அனுப்பினார்கள். படைவீரர் தகுதி 1977இல்தான் கிடைத்தது.

இந்த இடத்தில் நம் பெண்ணியம் வழக்கமாக எழுந்து நின்று கைதட்டும்: பார், நாமும் இருந்தோம்! 2016இல் மூன்று இந்தியப் பெண்கள் போர்விமானிகளானபோது நானும் வகுப்பில் கைதட்டினேன். இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லி அந்தக் கைதட்டலை நான் திரும்பப் பெற முயன்றபோது, என்சிசி சீருடையில் முன்வரிசையில் இருக்கும் மாணவி எழுந்தாள். "ஆம்பளைங்க ஓட்டினப்போ யாரும் இதைக் கேக்கலையே மேம். எங்க முறை வர்றப்ப மட்டும் ஏன்?"

அவள் கேட்டது நியாயம். அந்த இருக்கையை அவளுக்கு மறுக்கிறவன் எவனோடும் நான் சண்டை போடுவேன். அவள் விண்ணப்பத்தில் நானே கையெழுத்தும் போடுவேன். ஆனால் அதை விடுதலை என்று சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன். மூக்கில் பெயராக, தொழிற்சாலையில் ரிவிட் அடிக்கும் கையாக, ஆண்களை உசுப்பும் சவுக்காக, கீழே எரியும் உடலாக, இத்தனையாகவும் பெண்ணை வைத்துக்கொண்ட பிறகுதான் அந்த இருக்கை அவளுக்கு நீட்டப்படுகிறது. உட்கார்கிறவள் கண்ணாடி வழியாகக் கீழேயும் பார்க்க வேண்டும். இதை ஆண்களிடம் கேட்காமல் விட்டது நம் பிழை. அவர்களிடமும் கேட்போம்.

இறங்கும்போது எப்படியிருந்தது என்றார் முதியவர். "இட் இஸ் வெரி நேரோ" என்றேன்.

"ஷி" என்று சிரித்தபடி திருத்தினார்.

"இட்" என்றேன் மறுபடியும்.