மணலில் புதைந்த வண்டியும் மீட்புப் பட்டையும்

ஆஸ்திரேலியாவின் கடற்கரை மணலில் புதைந்துபோன ஜீப்பை மற்றொரு வண்டியால் இழுக்க முற்படுவோர், டிரெய்லர் பூட்டுவதற்கென்றே அமைந்த உருண்டைக் கொக்கியில் பட்டையை மாட்டிவிட, அக்கொக்கி முறிந்து பீரங்கிக் குண்டுபோல் பாய்ந்து மனித உயிர்களைப் பலிகொண்ட விபரீதங்கள் அங்கே நிகழ்ந்திருக்கின்றன. அத்தேசத்து அரசாங்கம் மீட்புப் பட்டைகளுக்குக் கட்டாய விதி வகுத்து, பட்டையின் அறுபடும் பலம் வண்டியின் மொத்த எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு இருத்தல் வேண்டும் என்று பட்டையிலேயே குறிக்கச் செய்தது மிகவும் நியாயமான காரியம். மிதமிஞ்சிய பலமும் கூடாது. பட்டை போதிய அளவு நீளாவிட்டால், அதிர்ச்சி முழுவதும் கொக்கியின்மேல் விழும்.

உருளையில் வடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் என்னும் பொறிக்கோ, சுமையேற்றிய வண்டியின் எடையைப்போல் 1.5 மடங்கு இழுசக்தி வேண்டும் என்பது பொதுவான பிரமாணம். ஆனால் விற்பவர் சொல்லும் சக்தி, உருளையில் ஒரே அடுக்கு வடம் எஞ்சியிருக்கையில் கிடைப்பது என்பதையும், அடுக்குகள் ஏற ஏற அது குறையும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. எஃகு வடத்தைவிடச் செயற்கை இழைக் கயிறு அறுபடும்போது அபாயம் குறைவாதலால், பாறை உராய்விலிருந்தும் வெயிலிலிருந்தும் அதைக் காப்பது சிரமமாயினும், நான் அதையே சிபாரிசு செய்வேன். பட்டையையோ கயிற்றையோ வண்டியோடு இணைக்கும் ஷாக்கிள் என்னும் வளையத்தில் தாங்குசுமை பொறிக்கப்படாததை இனாமாகக் கொடுத்தாலும் ஏற்காதீர்கள். இழுக்கும் சமயத்தில் கயிற்றின் அருகே எவரையும் நிற்க விடாதீர்கள்.