பதினெட்டு வயதோடு முடிகிறதா தந்தையின் கடமை?

டோம்பிவிலியிலிருந்து விடியற்காலை ரயிலில் நெரிபட்டு வேலைக்குச் செல்லும் பெண்களில், கணவனால் கைவிடப்பட்டுத் தனியாகப் பிள்ளைகளை வளர்ப்போரும் உண்டு. நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சத்தில் பிள்ளையின் பங்கு, அப்பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் நின்றுபோகிறது. கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரமும் அதுவே. செலவு பெருகும் வேளையில் கடமை முடிந்தது என்கிறது சட்டம்.

இவ்வரம்பு தொன்றுதொட்டு வந்ததன்று. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 488ஆவது பிரிவில், தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத பிள்ளை என்று மட்டுமே கூறிற்று. பிள்ளை என்பது மைனரை மட்டும் குறிப்பதன்று என 1969இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 1973ஆம் ஆண்டின் சட்டமே 125ஆவது பிரிவில் வயது வரம்பைப் புகுத்தியது. உடல், மனக் குறைபாடோ காயமோ உடையவர்களுக்கு மட்டும் விலக்களித்தது. காலனியச் சுவடுகளைத் துடைப்பதாக மார்தட்டி ஒன்றிய அரசு கொண்டுவந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 144ஆவது பிரிவும், வயது நிறைந்த பிள்ளைக்கு அதே குறைபாட்டு நிபந்தனையைத்தான் விதிக்கிறது. வெள்ளையர் சட்டம் மூடாத கதவு இன்று மூடியே கிடக்கிறது!

நீதிமன்றங்கள் அவ்வப்போது சாளரம் திறக்கின்றன. வயது நிறைந்த, மணமாகாத மகளுக்காகத் தாய் ஜீவனாம்சம் கோரலாம் என 2018இல் பம்பாய் உயர்நீதிமன்றம் கூறியது. 2020 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், 125ஆவது பிரிவின்கீழ் அத்தகைய மகளுக்கு உரிமையில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ்த் திருமணம் வரை கோரலாம் என்றது. மகன் முதல் பட்டப்படிப்பை முடிக்கும் வரை தந்தை உதவ வேண்டும் என 2021இல் ஒரு வழக்கில் ஆணையிட்டது.

இவற்றின் விளைவு என்ன? இந்து மகளுக்குள்ள உரிமை, அதே குடியிருப்பில் வாழும் கிறிஸ்தவ, முஸ்லிம் மகளுக்கு அச்சட்டத்தில் இல்லை. மகனோ நீதிபதியின் கருணையை நம்பி நிற்க வேண்டும். மகளின் உரிமைக்கும் திருமணமே எல்லை, படிப்பன்று. பெண்ணைக் கைமாற்றித் தரும் சுமையாகக் கருதும் ஆணாதிக்கமே இதில் ஒளிந்திருக்கிறது.

பொது சிவில் சட்டம் என்று பா.ஜ.க. ஓயாது முழங்குகிறது. எல்லா மதத்தினருக்கும் பொதுவான 144ஆவது பிரிவு அதன் கையிலேயே இருந்தது. படிக்கும் பிள்ளைக்கும் உரிமையுண்டு என ஒரு வரி சேர்த்திருந்தால், சமத்துவம் அங்கேயே பிறந்திருக்கும். அந்த ஒரு வரியை எழுத மனமில்லாதவர்களுக்குப் பெண்களின் நீதியில் என்ன அக்கறை?

“தந்தையும் தொழிலாளிதானே?” என்று சிலர் கேட்கலாம். போதிய வருவாய் உடையவரிடமே சட்டம் கேட்கிறது. தொகையும் அவரது சக்திக்கேற்பவே முடிவாகிறது. அவரை முற்றாக விடுவித்தால், முழுச் சுமையும் விழுவது தாயின் தோளில். அவளும் தொழிலாளிதான்.

எனவே, மதம், பால், மண நிலை பாராமல், முதல் பட்டமோ தொழிற்பயிற்சியோ முடியும் வரை பராமரிப்பு உரிமை நீடிக்குமாறு 144ஆவது பிரிவு திருத்தப்பட வேண்டும். தந்தையின் கடமையைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவவும் கூடாது. உயர்கல்வியைத் தனியார் கொள்ளைக்குத் திறந்துவிட்டதே அரசுதான். அரசுக் கல்லூரிகளையும் உதவித்தொகையையும் விரிவாக்கும் போராட்டத்தோடு இக்கோரிக்கையையும் இணைத்து, குடியிருப்புதோறும் எடுத்துச் செல்வது தோழர்களின் உடனடிப் பணியாகும்.