சுற்றுலா வந்தால் ஊர் முழுதும் மகிழுமா?

மரபுச் சுற்றுலா காசு கொண்டுவருகிறது, ஆகவே ஊர்மக்கள் அனைவரும் அதை விரும்புகிறார்கள்; முணுமுணுப்பவர்கள் மரபின் அருமை அறியாதவர்கள், போகப்போகப் பழகிவிடுவார்கள் என்ற கருத்து பரவலாக உள்ளது. 2008-இல் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரை வைத்து, இக்கருத்துக்கு அடியிலுள்ள நான்கு அனுமானங்களைச் சோதிக்கலாம்.

முதலாவது, வருமானம் ஊருக்கே பொது என்பது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் நெடுங்காலம் குடியிருந்தவர்களில் பலர் வாடகைதாரர்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தந்த பாதுகாப்பு 1999-ஆம் ஆண்டின் முடிவோடு நீங்கியது. வாடகை ஏற, பலர் வெளியேறினர். மரபுப் பட்டியலில் ஊர் சேர்ந்தபின் கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. கட்டட உரிமையாளருக்கு இலாபமானது வாடகைதாரருக்கு இடப்பெயர்வானது. இருவரிடமும் ஒரே மனநிலையை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, குறை சொல்பவர்கள் மரபை மதியாதவர்கள் என்பது. ஜார்ஜ் டவுனில் கடல்மேல் மரக்கால்களில் நிற்கும் சீனக் குலக் குடியிருப்புகளுள் ஒன்று சியூ படகுத்துறை. பலகைப் பாதைதான் அங்கு தெரு, அதுவே வாசல். வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதையும் கேட்காமல் படம் எடுப்பதையும் எதிர்க்கும் அதே மக்கள்தான், சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு முந்தைய இரவில் கரும்பும் படையலும் வைத்து ஜேட் பேரரசர் விழாவைக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் எதிர்ப்பது மரபை அன்று, அத்துமீறலை.

மூன்றாவது, சுற்றுலாதான் பண்பாட்டைக் காக்கிறது என்பது. தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படும்போது, வழிநெடுகத் தேங்காய் உடைப்பவர்கள் நேர்த்திக்கடன் உள்ளவர்கள். வேடிக்கை பார்க்க வருபவர்கள் விழாவுக்குக் கூட்டம் சேர்க்கலாம். விழாவை நடத்துவது அந்த வழிபாட்டுச் சமூகமே.

நான்காவது, நாளடைவில் பழகிவிடும் என்பது. 1975-இல் சுற்றுலா ஆய்வாளர் டாக்சி (Doxey) முன்வைத்த எரிச்சல் அளவுகோல் இதற்கு நேர்மாறானது: முதலில் உற்சாகம், பின் அலட்சியம், அடுத்து எரிச்சல், இறுதியில் பகைமை. ஊரை ஒரே மனமுள்ளதாகக் கொள்வது இந்த அளவுகோலின் குறை. ஒரே தெருவில் இந்நான்கு நிலைகளும் ஒருங்கே இருக்கலாம்.

ஆக, உள்ளூர் மனநிலையைத் தீர்மானிப்பவை வீட்டுரிமை, வருமானப் பங்கு, அன்றாடத் தொந்தரவு, முடிவெடுப்பதில் உள்ள இடம் ஆகியவை. இவற்றைத் தனித்தனியே கணக்கிலெடுக்காமல் ‘மக்கள் வரவேற்கிறார்கள்’ என்று சொல்வது, பயன்பெறுவோரின் குரலை ஊரின் குரலாகக் கொள்வதாகும்.